ஐந்து நட்சத்திரக் கட்டடம்

மார்ச் 3, திங்கள்

இன்று தபாலில் வந்த பதினேழு கடிதங்களில் ஒன்று மட்டும் பளபளப்பான தாளில் இருந்தது. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை. எங்கள் தென்னிலப் பண்டகக் கழகத்தின் மண்டல அலுவலகங்கள் எல்லாம் தங்கள் கட்டடத்துக்கு ஆற்றல் திறன் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருப்பார்களே, அதுபோல இனிக் கட்டடத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. எவ்வளவு குறைவாக மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவு நட்சத்திரம்.

மண்டல மேலாளர் கோவர்த்தனன் சார் என்னைக் கூப்பிட்டு ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை எடுத்துவரச் சொன்னார். எங்கள் விருதுநகர் அலுவலகத்தில் போன ஆகஸ்டிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. நாற்பத்தொரு ஃபேன்களில் இருபத்தாறு சுற்றவில்லை. இதையெல்லாம் சரிசெய்வதற்கான மதிப்பீட்டுக் கோப்பு கண்காணிப்பாளராகிய என் மேஜையில்தான் இருக்கிறது. நான் தூங்கிவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. மூன்று முறை ஒப்பந்தக்காரருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் முறை தேதி இல்லை. இரண்டாம் முறை தேதி இருந்தது, முத்திரை இல்லை. மூன்றாம் முறை முத்திரை தலைகீழாக இருந்தது. முப்பத்தொரு வருட சர்வீசில் குறையுள்ள ஒரு கோப்பைக்கூட நான் மேலே அனுப்பியதில்லை.

சாயங்காலம் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

மேலாளர் ரசீதுகளைக் கூட்டி, கட்டடத்தின் பரப்பளவால் வகுத்தார். சதுர மீட்டருக்கு வருடத்துக்குப் பதினாலு யூனிட். மறுபடி வகுத்தார். அதே பதினாலு. ஐந்து நட்சத்திரத்துக்கான வரம்பில் பாதிகூட வரவில்லை. மதுரை, திருநெல்வேலி எல்லாம் எண்பது, தொண்ணூறில் இருக்கின்றனவாம்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "தணிகாசலம், இந்த ஆபீசுக்கு நீங்கதான்யா சொத்து" என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேலதிகாரி என்னிடம் இப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை. அந்தக் கோப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் மங்களத்திடம் விஷயத்தைச் சொன்னேன். என்ன செய்ததற்காகப் பாராட்டினார் என்று கேட்டாள். விளக்கினேன். "அப்ப ஒண்ணும் செய்யாததுக்கா?" என்றாள். நிர்வாகம் அவளுக்குப் புரியாது.

மார்ச் 12, புதன்

ஒப்பந்தக்காரர் நான்காவது முறையாக மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டு வந்தார். தேதி இருந்தது, முத்திரை நேராக இருந்தது, கூட்டல் சரி. அரை மணி நேரம் பார்த்தேன். கடைசியில் பக்கங்களுக்கு எண் போடவில்லை என்று கண்டுபிடித்தேன். அவர் அங்கேயே பேனாவை எடுத்தார். கையால் எழுதிய எண் செல்லாது என்றேன்.

அடுத்த மேஜையில் இருந்த ஜெசிந்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வூதியப் பிரிவு உதவியாளர். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்ததால் இந்த வேலைக்கு வந்தவள். கெட்டிக்காரி, ஆனால் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

மார்ச் 28, வெள்ளி

வெயில் நூற்றிரண்டு. எனக்கென்று பேட்டரி விசிறி ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில்தான் சார்ஜ் போடுகிறேன். அலுவலக மின்சாரத்தைத் தொடுவதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஓய்வூதியர் நேர்காணல் தொடங்கியது. கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறுநூற்று நாற்பது பேரும் ஜூன் முடிவதற்குள் நேரில் வந்து, உயிரோடு இருப்பதைக் காட்டிப் பதிவேட்டில் கைநாட்டோ கையெழுத்தோ போட வேண்டும். வராதவர்களுக்கு ஜூலையிலிருந்து ஓய்வூதியம் நிற்கும். எங்கள் பிரிவு மூன்றாம் மாடி. அறுபத்தாறு படிகள்.

மேஜையைக் கீழ்த்தளத்துக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கூடத்தில்தான் நல்ல ஃபேன்கள் ஆறு இருக்கின்றன. ஆள் உட்கார்ந்தால் ஃபேன் ஓடும், ஃபேன் ஓடினால் யூனிட் ஏறும். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் போகும்வரை கூடத்தைப் பூட்டி வைக்க மேலாளர் உத்தரவு. அவளிடம் அதைச் சொல்ல முடியாது. பதிவேடு பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். அப்படி ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது.

மேலாளரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். மூன்று மாடி ஏறி வந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லையே என்றார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மேலாளர் அறை ஏசியின் இணைப்பைக் கட்டடத்திலிருந்து எடுத்து, பின்னால் உள்ள விருந்தினர் விடுதி மீட்டரில் கொடுத்தோம். ஜன்னல் வழியாக ஒயர் போகிறது. விடுதி தனிக் கட்டடம், தனி மீட்டர், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஒயருக்கு அடியில் நின்று நான்தான் ஏணியைப் பிடித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெசிந்தா இன்று என்னைக் கேட்காமல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், படியேற முடியாத மூன்று பேரிடம் வாசலிலேயே கைநாட்டு வாங்கி வந்துவிட்டாள். பதிவேட்டின் அட்டையில் காக்கை எச்சம். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவள் வாங்கிக்கொண்டு, நகலில் ஒப்பம் இட்டு, "இனிமே போக மாட்டேன் சார்" என்றாள்.

மே 6, செவ்வாய்

முக்கியமான நாள். சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் ஹரிணி மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் லேப்டாப், வெப்பமானி, அளவுநாடா. நான் பத்து மணியிலிருந்தே வாசலில் நின்று, அவருடைய காருக்கு வேப்பமர நிழலில் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

எங்கள் பிரிவில் வெப்பம் முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. கருவி பழுதோ என்று அதைத் தட்டிப் பார்த்தார். இங்கே உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்களா என்று மேலாளரிடம் கேட்டார். ஊழியர்கள் சிக்கனத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று மேலாளர் சொன்னார். ஃபேன்களை எண்ணினார். ஓடாததையும் எண்ணினார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. படிவத்தில் யூனிட்டுக்கும் பரப்புக்கும் மட்டுமே இடம் இருக்கிறதாம், ஆனாலும் இரண்டாம் பக்கத்தில் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் உண்டாம்.

பதினொன்றே காலுக்கு ஒரு அசம்பாவிதம். சாத்தூர் கிடங்கில் எடை போடுபவராக இருந்து ஓய்வு பெற்ற மூக்கையா என்பவர், வயது எழுபத்தெட்டு, இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்துவிட்டார். யாரும் தள்ளவில்லை. ஜெசிந்தாவும் ஹரிணி மேடமும் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நாற்பத்து நான்கு படிகள் கீழே தூக்கிப் போனார்கள். நான் பின்னால் அவருடைய பையை எடுத்துப் போனேன். 108 இருபது நிமிடத்தில் வந்தது.

மேடம் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. ஓட்டலில் சொல்லி வைத்த எட்டு சாப்பாடு வீணாயிற்று.

மே 7, புதன்

மூக்கையாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று கேள்வி.

மே 9, வெள்ளி

ஓய்வூதியர் சங்கம் புகார் செய்ய, தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. சம்பவ நாளில் லிஃப்ட் இயங்கியதா, ஆம் அல்லது இல்லை என்று பதில் தர வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்து நான் எழுதியது: "மேற்படி நாளில் லிஃப்ட் ஆற்றல் சேமிப்பு நிலையில் வைக்கப்பட்டிருந்தது." மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, நான் வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன் என்றார்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். அன்று காலை நான் வாசலில் நின்றபோது மூக்கையா முதல் படியில் உட்கார்ந்திருந்தார். ஏற முடியவில்லை, இங்கேயே கைநாட்டு வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். விதியைச் சொன்னேன். விதியைச் சொல்வது குற்றமாகாது.

மே 12, திங்கள்

விதியைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். நான் சொன்ன வார்த்தை, "மேல வந்தாத்தான் பென்சன். இல்லைன்னா செத்ததாத்தான் கணக்கு." மேடத்தின் கார் வருகிற நேரம். வாசற்படியில் ஆள் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று தோன்றியது.

மே 25, ஞாயிறு

மேலாளர் ஒரு கிலோ ஆப்பிளும் தட்டச்சு செய்த ஒரு தாளும் கொடுத்து என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். வெறும் வயிற்றோடு வந்ததால் தலைசுற்றி விழுந்ததாகவும், லிஃப்ட் பற்றியோ கழகம் பற்றியோ புகார் எதுவும் இல்லை என்றும் அந்தத் தாளில் இருந்தது. மூக்கையாவின் கைநாட்டு வாங்க வேண்டும்.

வார்டில் எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கையா காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார். தாளைப் படித்துக் காட்டினேன். அவர் கட்டைவிரலை நீட்டினார். மையைக்கூட நான்தான் தடவினேன்.

அவருடைய மனைவி பாக்கியம் ஆப்பிளை வாங்கி ஸ்டூலில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "கீழ வாசல்ல ஒரு ஐயா நின்னாராம் சார். இவரு கெஞ்சிக் கேட்டதுக்கு, மேல வந்தாத்தான்னு சொல்லிட்டாராம். அந்த ஐயா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

விசாரிக்கிறேன் என்றேன். அவள் கேட்ட நேரம் முழுக்க மூக்கையா மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியவில்லை போலும். வயதாகிவிட்டால் பார்வை மங்கிவிடும்.

மே 26, திங்கள்

கைநாட்டுத் தாளை மேலாளரிடம் கொடுத்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 11, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம். தங்க நிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மேலாளர் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் பக்கமும் வந்திருக்கிறது. குறிப்புகள் கட்டத்தில் ஹரிணி மேடம் எழுதியிருப்பது: "இக்கட்டடத்தின் குறைந்த மின்செலவு, சாதனங்கள் பழுதாகிக் கிடப்பதால் ஏற்பட்டது. லிஃப்டும் பெரும்பாலான மின்விசிறிகளும் இயங்கவில்லை. உட்புற வெப்பம் மனிதர் பணிபுரியத் தக்கதன்று. மேலாளர் அறையின் ஏசி வேறு மீட்டரில் இணைக்கப்பட்டுள்ளது. இந்தத் தரக்குறியீட்டை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரைக்கிறேன்." யாரோ அதைப் படிக்காமலே முதல் பக்கத்தில் தங்க நட்சத்திரத்தை அச்சடித்துவிட்டார்கள்.

சட்டத்துக்குள் ஒரு பக்கம்தான் தெரியும், இன்னொரு பக்கம் காணாமல் போனாலும் நஷ்டமில்லை என்று மேலாளர் சொல்லி அதை என்னிடம் கொடுத்தார். கிழித்துப் போடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த டைரிக்குள் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

சென்னையில் பாராட்டு விழா. ஏசி அரங்கம். கழுத்தில் போட்ட சால்வையை எல்லோரும் கழற்றி மடியில் வைத்தார்கள், நான் குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டேன். எங்கள் கட்டடத்தை முன்மாதிரியாகக் கொண்டு மற்ற மண்டலங்களும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்று மேடையில் பேசினார்கள். சிக்கனத்தின் ரகசியம் என்ன என்று திருநெல்வேலிக் கண்காணிப்பாளர் சாப்பிடும் இடத்தில் என்னிடம் கேட்டார். பொறுமை என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

நேர்காணலுக்கு வராதவர்கள் பட்டியல். பத்தொன்பது பேர். பதினான்காவது பெயர், மூக்கையா. படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கலாம் என்று விதியில் ஒரு துணைப்பிரிவு இருக்கிறது. அதை எடுத்து என் முன்னால் வைத்தவள் ஜெசிந்தா. அவள் தானே போயிருக்கலாமே என்று கேட்டேன். குறிப்பாணையின் நகலை எடுத்துக் காட்டினாள்.

ஜூன் 28, சனி

பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சாத்தூர் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை. மூக்கையா கட்டிலில் இருந்தார். இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கைநாட்டு வாங்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பாக்கியம் காபி கொடுத்தாள். ஆபீசிலிருந்து தேடி வந்தது நான் ஒருவன்தான் என்றாள். காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மங்களம் இரவுச் சாப்பாட்டில் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பஸ்ஸில் கூட்டம் என்றேன்.

ஜூலை 2, புதன்

லிஃப்ட், ஃபேன் மதிப்பீட்டுக் கோப்பில் ஒப்பம் இட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மேலாளர் விடுப்பில் இருந்தார்.

ஜூலை 10, வியாழன்

கோப்பு திரும்பி வந்துவிட்டது. "ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்ற கட்டடத்துக்கு இச்செலவு எவ்வாறு அவசியமாகிறது என விளக்குக. மேலும், இவ்வாண்டு மின்செலவில் பத்து விழுக்காடு குறைப்பதற்கான திட்டத்தையும் இணைத்தனுப்புக."

இனிக் குறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்றுதான் மிச்சம்.

ஜூலை 11, வெள்ளி

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். காலை முழுக்க ஒரு வரியும் வரவில்லை. மதியம் டைரியிலிருந்த இரண்டாம் பக்கத்தை எடுத்து, நகல் வைத்துக்கொண்டு, அசலைக் கோப்பில் இணைத்தேன். மேலே ஒரே வரி: "விளக்கம் இணைப்பில் உள்ளது." நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

சான்றிதழ் நிறுத்தி வைப்பு. அடுத்த வாரம் விசாரணைக் குழு வருகிறது. முதல் வேலையாக ஜன்னலில் இருந்த ஏசி ஒயரைக் கழற்றச் சொன்ன மேலாளர், இரண்டாவது வேலையாக என்னையும் ஜெசிந்தாவையும் கூப்பிட்டார். என்னிடம் கொடுத்த இரண்டாம் பக்கத்தை என் மேஜையிலிருந்து எடுத்து அனுப்பியது யார் என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவளுக்கு ஏற்கெனவே ஒரு குறிப்பாணை இருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலை தங்காது என்றும் சொன்னார்.

"நான்தான் சார்" என்றேன்.

இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவனுக்கு இது தேவையா என்று கேட்டார். என் ஓய்வூதியத்தையே நிறுத்தி வைக்க முடியும் என்பதையும் நினைவுபடுத்தினார். நான் சொத்து என்ற பேச்சை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெசிந்தா, "சாத்தூர்லயும் சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சாத்தூர். மூக்கையா தூங்கிக்கொண்டிருந்தார். பாக்கியம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அன்று வாசலில் நின்றவன் நான்தான் என்று சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் சார். ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்த அன்னைக்கே, இவருதான்னு கண்ணைக் காட்டினாரு. நீங்களா சொல்றீங்களான்னுதான் கேட்டுப் பாத்தேன். அப்பறம் வீட்டுக்கும் வந்தீங்க. அப்பவும் பாத்தேன்."

மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கு அவருகிட்ட ஒரு தாள்ல கைநாட்டு வாங்கிட்டுப் போனீங்கள்ல. அது பொய்யின்னு எழுதுங்க. வாசல்ல என்ன சொன்னீங்களோ அதையும் அப்படியே எழுதிக் குடுங்க. சங்கத்துல கேஸ் போடப் போறோம்."

அந்தத் தாள் விசாரணைக் குழுவுக்கு முன்னால் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் இதே வேலைதானே பார்க்கிறேன். மடியில் பதிவேடுகூட இல்லை, முழங்காலில் வைத்து எழுதினேன். பதினோரு வரி வந்தது. கடைசியில் பெயர், பதவி, ஒப்பம். செத்ததாத்தான் கணக்கு என்ற இடத்தில் பேனா நின்றது, அதையும் எழுதினேன். அவள் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடியும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு தாளை நான்காக மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று காபி கொடுக்கவில்லை.

மங்களத்திடம் இன்னும் சொல்லவில்லை.